கடைசிப் பாட்டுக்கு நான் சரி போடவில்லை

நான் புலம்பெயர்ந்து வந்த டண்டினொங் நகரில், இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். என் வேலை கேட்பது. ஓடர் முழுவதையும் அடிக்கும் முன் மாதிரிக்கு ஐந்து தட்டு அடிப்பார்கள். ஹெட்போனில் அதைக் கேட்டுவிட்டுப் படிவத்தில் பெயர் எழுதிச் சரி போட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத்தில் எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயரும் அந்தச் சரி அடையாளமும்தான். ஆனால் என் காதை அங்கே ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை, ரெஜினாவின் இரண்டாவது தட்டுக்குச் சரி போட மறுத்தேன்.

ரெஜினா மன்னாரிலிருந்து வந்த பிள்ளை, நாற்பது வயது. மாதா கோயில் பாடற்குழுவில் பாடி, இங்கே சோல் என்ற மேற்கத்தியப் பாட்டுக்கு வந்தவள். அவளுடைய தட்டை வெளியிட்ட கம்பனியிலேயே மொனிக் என்றொரு பாடகியும் இருந்தாள். மொனிக்கின் தட்டு விற்றுத் தீரத் தீர, நாலு தரம் திருப்பி அடித்தோம். ரெஜினாவின் முதல் தட்டு ஒரு தரத்தோடு நின்றது. மொனிக்குக்கு முகராசி என்றார்கள். குரலில் ரெஜினாதான் பெரியவள். இரண்டு பேரையும் கேட்டவள் நான்.

தட்டில் ஊசி வெளி விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி வரும். வெளிவட்டம் பெரிது, குரலுக்கு இடம் தாராளம். உள்ளே வர வர வட்டம் சுருங்கும். அங்கே உச்சக்குரல் வந்தால் கரகரக்கும். உச்சக்குரலில் ஏறும் பெரிய பாட்டு, மொனிக்கின் தட்டில் முதற் பாட்டு. ரெஜினா தன் பெரிய பாட்டைக் கடைசியில் வைத்திருந்தாள். முதல் தட்டிலும் அப்படித்தான். அன்று அந்தக் கரகரப்பைக் கேட்டும், கடைசிப் பாட்டுத்தானே என்று சரி போட்டவள் நான். அது என் பிழை.

இதுவும் விற்காவிட்டால் அவளுக்கு மூன்றாவது தட்டு இல்லை என்று எங்கள் சூப்பர்வைசர் சேகர் சொல்லியிருந்தார். அவரே இப்போது அவசரப்படுத்தினார்.

"அன்ரி, வெள்ளிக்கிழமை லொறி வருது. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ."

"கண்ணை மூடலாம் தம்பி. காதை என்னெண்டு மூடுறது?"

"எல்லாத் தட்டும் உள்ளுக்க கொஞ்சம் இரையும்தானே!"

"அப்ப நீர் போடும். என்ர பேர் வேண்டாம்."

அவர் போடவில்லை. முணுமுணுத்தபடி ரெஜினாவுக்குப் போன் எடுத்தார். அடுத்த நாள் அவள் முதியோர் இல்லத்து வேலை உடுப்போடு வந்து, ஹெட்போனை மாட்டிக் கடைசிப் பாட்டைக் கேட்டாள். ஊசியைத் திரும்ப வைத்து இன்னொரு தரம் கேட்டாள்.

"அன்ரி, நான் இப்பிடிப் பாடேல்லையே."

"பாடினது சரி பிள்ளை. வச்ச இடம் பிழை."

"பூசையில கடைசிப் பாட்டுத்தானே பெரிசு? எல்லாரும் எழும்பி நிண்டு பாடுறது. அந்த நினைப்பில வச்சிட்டன்."

"பூசை முடிய வாசல் திறக்கும். தட்டில அகலமான வாசல் தொடக்கத்தில இருக்கு."

"மாத்தினா மூலத்தட்டைப் புதுசா வெட்டோணும், மூண்டு கிழமை. வெளியீட்டு விழாவுக்குத் தட்டு இராது. கம்பனிக்கு ஆர் சொல்லுறது?" என்றார் சேகர்.

"நான் சொல்லுறன்," என்றாள் ரெஜினா. அங்கேயே நின்று போன் எடுத்தாள். மறுபக்கம் கத்தியது எங்களுக்கும் கேட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை. தட்டு இல்லாமலே பாடுவேன், வேண்டியவர்கள் ஓடர் தரட்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் போனை வைத்தாள்.

பெரிய பாட்டு முன்னுக்கு வந்தது. புதிய மாதிரியை மூன்று தரம் கேட்டேன். பேனை தாளைக் கிழிக்குமளவுக்கு அழுத்திச் சரி போட்டேன்.

மொனிக்கை அவள் எட்டவில்லை. ஆனால் அந்தத் தட்டை இரண்டு தரம் திருப்பி அடித்தோம். கம்பனி மூன்றாவதற்கும் ஒப்புக்கொண்டது. அதை வெட்டக் கொடுக்கும் முன் ரெஜினா போன் எடுத்தாள்.

"அன்ரி, இந்தமுறை கடைசியில என்ன வைக்க?"

"தாழ்ந்த குரலில ஒண்டு வை. மெல்லமா முடி."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திறமை, முகராசி எல்லாம் பிறகு. முதலில் பாட்டு, வாங்குகிறவர் வீட்டுக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும். சேராது என்று உங்கள் காது சொன்னால், லொறி வாசலில் நின்றாலும் சரி போடாதீர்கள்.