கயிற்றின் மறுமுனை

துறைமுகத்தில் அவளை எல்லோரும் கயித்துக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களுக்கு அது கேலி. அவளுக்கு அது உத்தியோகம். புருஷன் முக்குளிக்கிறவன். கப்பலுக்கு அடியில் போய் இரும்புத் தகட்டைக் கையால் தடவி, ஒட்டியிருக்கக் கூடாத எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று அவன் சொன்னால்தான் கப்பல் கிளம்பும். அவன் நெஞ்சுப் பட்டையில் ஒரு கொக்கி, கொக்கியில் கயிறு. கயிற்றின் மேல்முனை படகில் அவள் கையில்.

முன்பெல்லாம் கப்பல் வயிற்றில் படிந்த சிப்பியைச் சுரண்டத்தான் இறங்குவான். ட்ரோன்கள் வர ஆரம்பித்த பிறகு வேலை மாறிவிட்டது. ஆளே இல்லாமல் தண்ணீருக்குள் தானாக நீந்தி வருகிற யந்திரம் அது. உருளை உடம்பு, வாலில் விசிறி. சில, வேவு பார்த்துவிட்டுப் போகும். சில, கப்பல் அடியில் எதையாவது ஒட்டிவிட்டுப் போகும். பக்கத்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்ற இடத்திலேயே இரண்டாகப் பிளந்த பிறகு, இங்கே வாசலில் இரும்பு வலை போட்டார்கள். கோபுரத்தில் ஒலியை வைத்துத் துழாவும் திரை ஒன்றும் வந்தது. ஆனால் துறைமுகத் தண்ணீரில் சங்கிலியும் இழுவைப் படகும் ஓயாமல் இரைகின்றன. திரையில் எதைப் பார்த்தாலும் புள்ளி. கடைசியில் கையால் தடவிப் பார்க்காமல் முடியவில்லை.

அந்தக் கலங்கலில் கண் எதற்கும் உதவாது. திறந்து வைத்தால் இல்லாததெல்லாம் தெரியும். அதனால் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வேலை செய்வான். எதையும் நிதானமாகச் செய்கிறவன் என்பதால் அவனுக்கு ஆமை என்று பெயர்.

முதலில் கயிறு பிடித்தது கொழுந்தன். ஒருநாள் கயிற்றை முழங்காலுக்கு அடியில் செருகிவிட்டு, கைப்பேசியில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தான். ஆமை மேலே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் அப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை பிழிகிற வேலையில் இருந்தாள். வீட்டில் அவள் கத்தவில்லை. மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போகாமல் நேரே படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"கயித்த இப்படிக் குடு தம்பி. நீ இஞ்சினப் பாரு."

அவனும் கொடுத்துவிட்டான். போர்வை பிழிந்து பழகிய கையோடு யார் மல்லுக்கு நிற்பது?

கயிற்றுப் பேச்சு சுருக்கமானது. மேலேயிருந்து ஒரு இழுப்பு என்றால் நலமா என்று கேள்வி. கீழேயிருந்து ஒன்று வந்தால் நலம். இரண்டு இழுத்தால் கயிற்றைத் தளர்த்து. மேலேயிருந்து நான்கு இழுத்தால் மேலே வா. இவள் கேட்டால் அவன் பதில் உடனே வராது. தகட்டிலிருந்து கையை எடுக்க அவனுக்கு மனசு வராது. ஒரு மூச்சு கழித்து, சோம்பலாக, கை கனத்தோடு வரும். அந்தச் சோம்பலை வைத்தே அவன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்று சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு ஒரு பயணிகள் கப்பல். மதியமே மூடுபனி இறங்கி, கப்பலின் மேல்பாதியைக் காணோம். மேலே எங்கோ பிள்ளைகள் ஓடுகிற சத்தமும் ஒரு தாய் அதட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன. ஆமை இறங்கி முன்பக்கம் முடித்து நடுப்பக்கம் வந்திருந்தான். அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். சட்டென்று ஒன்று திரும்பி வந்தது.

"உங்கண்ணனுக்கு இன்னிக்கு என்ன இவ்வளவு சுறுசுறுப்பு?"

"காலையில நீங்க திட்டுனது வேலை செஞ்சிருக்கு அண்ணி. எனக்கும் அப்படி ஒரு டோஸ் குடுங்க."

"உனக்குக் குடுத்துக் குடுத்து என் வாய்தான் தேஞ்சுது."

மறுபடி கேட்டாள். மறுபடியும் சட்டென்று வந்தது. அதில் சோம்பல் இல்லை, கனமும் இல்லை. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து அதே மாதிரி யாரோ தட்டுவது போலிருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அர்த்தமே இல்லாத ஒரு சைகை கொடுத்துப் பார்த்தாள். ஒரு நீள இழுப்பு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு வெட்டு இழுப்பு. புருஷனாயிருந்தால் குழம்பிப்போய்ச் சும்மா இருப்பான். மேலே வந்து சண்டை பிடிப்பான். கயிறு ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு ஒரு நீள இழுப்பு வந்தது. அதே இடைவெளி. இரண்டு வெட்டு.

கையில் கயிறு இருந்தது. கயிற்றில் புருஷன் இல்லை.

கொழுந்தனை வாக்கி-டாக்கியை எடுக்கச் சொல்லி, கோபுரத்து அதிகாரியிடம் நடந்ததை அப்படியே சொன்னாள்.

"அம்மா, கயித்த இழுக்காதீங்க. கீழ ட்ரோன் நிக்குதுன்னு நினைக்கிறேன். கயிறு அது மேல சிக்கியிருக்கு. நின்ன எடத்துலயே நிக்கிற மாதிரி அதைச் செஞ்சிருப்பாங்க. நீங்க எவ்வளவு இழுக்குறீங்களோ அவ்வளவு அது திரும்ப இழுக்கும்."

"ரொம்ப இழுத்தா?"

"எனக்குத் தெரியலம்மா. அதுல என்ன வச்சிருக்காங்கன்னும் தெரியல. கப்பல்ல இருந்து ஜனங்கள எறக்கச் சொல்லிட்டேன். வெடிகுண்டு ஆளுங்க வர ஒரு மணி நேரம் ஆகும்."

"அவரு முதுகுல அதுல பாதிக்குக்கூட காத்து இல்ல சார்."

வாக்கி-டாக்கியைக் கொழுந்தன் பக்கம் தள்ளிவிட்டு அவள் கயிற்றைப் பார்த்தாள்.

ஆமை தானாகவே மேலே வந்துவிடுவான். காற்று குறைந்தால் அவனுக்கே தெரியும். அவள் பயம் வேறு. மேலே வருகிறபோது அவன் கண்ணை மூடியபடி, கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டுதான் வருவான். கயிறு எங்கே போகிறதோ அங்கே கை போகும். கயிறு அந்த ட்ரோன் உடம்பில் சுற்றிக் கிடக்கிறது.

கயிறு செத்தால், அதாவது மேலே பிடி இல்லாமல் தொய்ந்துபோனால், கொக்கியைக் கழற்று, கப்பலைப் பிடித்து ஏறு என்று ஒரு விதி உண்டு. பாடத்தில் சொன்னதோடு சரி, இதுவரை அதற்கு வேலை வந்ததில்லை. பிடித்த கயிற்றை விட்டதாகத் துறைமுகத்தில் எந்தக் கயிற்றுக்காரனுக்கும் பேச்சில்லை. இப்போது இவள் விட்டால் கீழே அது சாகும். செத்துவிட்டது என்று அவன் நம்ப வேண்டும்.

அவள் விரலைத் தளர்த்துவதைக் கொழுந்தன் பார்த்துவிட்டான்.

"அண்ணி! என்ன பண்றீங்க? ஒரு தடவ நான் விட்டதுக்கு இன்னி வரைக்கும் சொல்லிக் காட்டுறீங்க!"

"நீ தெரியாம விட்ட. நான் தெரிஞ்சு விடுறேன். கைய எடு."

"அண்ணன் நம்மள நம்பித்தான அண்ணி..."

"அதனாலதான். கைய எடு தம்பி."

அவன் எடுத்தான். அவள் விட்டாள். கயிறு சளக்கென்று விழவில்லை. படகின் விளிம்பில் ஊர்ந்து, மெதுவாக, ஒரே சீராக உள்ளே போயிற்று. கீழே யாரோ பொறுமையாகச் சுருட்டி எடுத்துக்கொள்வது போலிருந்தது. முனை முழுகியபோது வட்டம்கூட எழவில்லை.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா உட்காருகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. துண்டை மடித்து வைத்தாள். ஃப்ளாஸ்க் மூடியைத் தளர்த்தினாள். கம்பளியை விரித்தாள். இஞ்சினைப் போடாமல் துடுப்பால் கப்பலை ஒட்டியே போகக் கொழுந்தனிடம் சொன்னாள். மேலே பிள்ளைகள் சத்தம் நின்றுவிட்டிருந்தது. பனிக்குள் கப்பல் சுவர் முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது. அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. தண்ணீரும் இரும்பும் சேர்கிற கோட்டை மட்டும் பார்த்தாள்.

பின்பக்கம், சுக்கானுக்குக் கீழே, ஒரு கை வந்தது. இரும்பைத் தடவிக்கொண்டே வந்தது. பிறகு தலை.

இரண்டு பேருமாக அவனைப் படகில் இழுத்துப் போட்டார்கள். அவள் முகமூடியைக் கழற்றி உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், காதில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இது எத்தனை விரல்?"

"உன் விரல எண்ணவா மேல வந்தேன்? கயித்த ஏன்டி விட்ட?"

"எத்தனை விரல்னு சொல்லுங்க முதல்ல."

"மூணு. கூப்பிட்டதும் நீதான், விட்டதும் நீதானா?"

அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டு நின்றது. "யாரு கூப்பிட்டது?"

"நாலு இழுப்பு இழுத்த. விட்டு மறுபடியும் நாலு. என்ன அவசரமோன்னு கயித்தப் பிடிச்சு வந்துக்கிட்டே இருந்தேன். பாதியில செத்துப் போச்சு. கொக்கியக் கழட்டிட்டுக் கப்பலப் பிடிச்சு ஏறுனேன்."

மறைத்து என்ன ஆகப் போகிறது என்று அவள் சொல்லிவிட்டாள். "நான் நாலு இழுக்கல. ஒரு தடவகூட நாலு இழுக்கல."

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீரோட்டமா இருக்கும்," என்றான் கொழுந்தன். அன்று தண்ணீர் குளம் மாதிரி நின்றது. ஃப்ளாஸ்க்கை அவன் வாயில் வைத்து, "குடிங்க," என்றாள்.

வெடிகுண்டு ஆட்கள் வந்து கப்பலடி முழுவதும் அலசினார்கள். எதுவும் ஒட்டியிருக்கவில்லை. வாசல் வலையில் கிழிசலும் இல்லை. கப்பலுக்கு நேர் கீழே சேற்றில் கயிறு மட்டும் கிடைத்தது. சிக்கலாக இல்லை. சுற்றுக்குமேல் சுற்றாக நெருக்கமாகச் சுற்றி, நடுவில் வெற்றிடமாக இருந்தது. விசிறி சுற்றியிருக்கும், அப்புறம் நழுவிப் போயிருக்கும் என்றார்கள். விசிறிக்கு அவ்வளவு சுற்றளவு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அந்த வெற்றிடம் சரியாக ஒரு ஆள் இடுப்பு அகலம் இருந்தது. புருஷனை அந்தப் பக்கம் திரும்ப விடவில்லை.

அந்தக் கயிறு வேண்டாம் என்று அவள் சொன்னபோது கிடங்குக்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "கயிறு புதுசு மாதிரி இருக்கேம்மா. கழுவிக் காயப்போட்டா இன்னும் ரெண்டு வருஷம் வரும்."

"அப்ப நீங்க கட்டிக்கிட்டு எறங்குங்க, நான் பிடிக்கிறேன்."

அவர் வேறு கயிறு கொடுத்தார்.

ஆமை கொஞ்ச நாள் வீட்டில் கிடந்தான். தூக்கத்தில் அவன் கை அசைவதைப் பார்த்தால் எழுப்பிவிடுவாள். இரக்கத்தால் அல்ல, பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கும் தூக்கம் வேண்டும். அப்புறம் ஒரு காலையில் தானே பட்டையை எடுத்து மாட்டினான். வேறு யார் தடவிப் பார்ப்பது? கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

இப்போது நலம் கேட்கவும் மேலே கூப்பிடவும் அவர்களிடம் பழைய சைகை இல்லை. தினமும் புதுசு. காலையில் தேநீர் குடிக்கும்போது, அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டு, ஒருவர் காதில் ஒருவர் சொல்லி முடிவு செய்துகொள்வார்கள். படகில் ஏறிய பிறகு அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கொழுந்தன் கேட்டுப் பார்த்தான்.

"எங்கிட்ட சொன்னா என்ன அண்ணி?"

"வீட்டுக்கு வா, சொல்றேன். தண்ணிகிட்ட வச்சுக் கேக்காத."

அவன் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். பிறகு இஞ்சினைப் போட்டான்.