போர்ப்பாட்டுக்கு வீடியோ போட்ட அன்று

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்துப் பள்ளியில் நான் தமிழாசிரியர். இணையத்து வீடியோக்களைக் காட்டிக் கவிதை நடத்தலாம் என்று பயிற்சி வகுப்பில் யாரோ சொல்ல, மைத்துனரின் லேப்டாப்பையும் டேட்டா கார்டையும் இரவல் வாங்கிக்கொண்டு பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைந்தேன். பாடம், போர்க்களப் பாட்டு. முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் பையன்களுக்கும் ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பையன்களுக்கும் அடிதடி நடந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது.

வீடியோவில் பறை முழங்க ஒருவர் பாட்டைக் கர்ஜித்தார். ரயில் பையன் ஒருவன் பெஞ்சில் தாளம் போட்டான்.

"இன்னாடா, நேத்து வாங்குன அடிக்கு நீயே மோளம் அடிச்சிக்கினு கீறியா?" என்றான் பஸ் பையன் ஒருவன்.

தாளம் போட்ட கை அவன் மூக்கில் இறங்கியது. பாடப்புத்தகத்தின் செய்யுள் பகுதியின் மேல் ரத்தம் சொட்டியது. பெஞ்சுகள் புரண்டன. எவனோ உடைந்த பெஞ்சுக் காலை எடுத்து இன்னொருவன் முதுகில் வீசினான். வீர ரசம் என்றால் என்ன என்று போன வாரம்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தேன்.

நான் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மேசைமேல் ஏறிவிட்டேன். அங்கிருந்து எல்லாம் நன்றாகவே தெரிந்தது. மூக்குடைந்தவன் பெல்ட்டைக் கழற்றி, அடித்தவன் கழுத்தில் சுற்றி, அவனைச் சுவரோடு சாய்த்து இறுக்கினான். வீடியோ சிக்கி வட்டம் சுற்றத் தொடங்கியது. பறை நின்றது, பெல்ட் நிற்கவில்லை. மாட்டிக்கொண்டவன் முகம் கறுத்து, கால் உதறியது.

"வுடுடா, செத்துருவான்டா" என்று இறுக்கியவனின் கூட்டாளியே அழுதான்.

"சாவட்டும்."

குதித்தேன். அதட்ட வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. கை இரண்டும் லேப்டாப்பில். மைத்துனருக்கு என்ன பதில் சொல்வது என்று அந்த நேரத்திலும் மண்டைக்குள் ஓடியதே, அதுதான் அசிங்கம். மிச்சமிருந்தது திறந்த வாய். பெல்ட்டைப் பிடித்திருந்த மணிக்கட்டைக் கடித்தேன். உப்புக் கரித்தது. அவன் அலறினான். நான் விடவில்லை. அவன் விட்டான்.

சரிந்தவன் இழுத்து இழுத்து இருமினான். அதைக் கேட்டதும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூவரும் ஒரே ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கையில இன்னாப்பா கடிச்சுது?" என்றார் நர்ஸ்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"தமிழ் சாருதான், அக்கா" என்றான் கடிபட்டவன், மூக்கில் பஞ்சோடு.

கழுத்தில் சிவந்த தடத்தோடு இருந்தவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தண்ணீர் கேட்டான். கடித்தவனும் கடிபட்டவனும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் வாய் வெளியே வந்துவிட்டது. அடுத்த வாயை முழுங்கினான்.