வண்டிக்கு நாலு காது

என் மனைவி இந்திராணிக்குக் கழுத்து திரும்பாது. இருபத்திரண்டு வருடம் நண்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பழவேற்காட்டுத் தெருக்களை அளந்ததில் வந்த வினை அது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் மொத்த உடம்போடும்தான் திரும்புவாள். தெரியாதவர்கள் அதைத் திமிர் என்பார்கள். தெரிந்த நான் சொல்கிறேன், திமிரும் கொஞ்சம் உண்டு.

இனிமேல் தலையில் ஒரு தேங்காயைக்கூட வைக்கக் கூடாது என்று போன வருடம் பொன்னேரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் தைலம் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இவள் அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். நாற்பத்தாறு வயதில் சின்னப் பெண்களோடு வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கினாள். ஏற்கெனவே இரண்டு கை மாறியிருந்த ஒரு வெள்ளைக் காரை வாங்கி, பின்சீட்டை மடக்கி, நண்டுப் பெட்டி அடுக்க இடம் பண்ணினாள். முன்னால் போகிற வரைக்கும் அவளை யாரும் அசைக்க முடியாது. மீஞ்சூர் ரோட்டில் லாரிக்காரர்களே ஒதுங்கி வழி விடுவார்கள்.

பின்னால் போவதில்தான் தகராறு. எங்கள் ஊர்ப் படகுத் துறையில் படகைத் தண்ணீரின் ஓரமாகக் குறுக்கே அணைத்து வைப்பார்கள். வண்டி ரிவர்ஸில் வந்து, டிக்கி படகுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் பெட்டி கைமாறி நேராக உள்ளே போகும். இந்திராணியால் திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணாடியில் தெரிகிற படகு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை. யாராவது பின்னால் நின்று "வா, வா" என்று சொல்ல வேண்டும். போன மாதம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் போன் பேசப் போய்விட்டான். கார் நேராகப் போய்த் தேவேந்திரனின் படகில் இடித்ததில், படகின் பக்கவாட்டில் ஒரு முழத்துக்கு விரிசல் விட்டது.

அந்த விரிசலுக்கு ஒட்டுப் போட்டவன் நான். ஃபைபர் படகுகளை ஒட்டுவதுதான் என் தொழில். ஊரில் யார் படகில் ஓட்டை விழுந்தாலும், "தாமோதரனைக் கூப்பிடு" என்பார்கள். மனைவி உடைக்கிறாள், புருஷன் ஒட்டுகிறான், நல்ல வியாபாரம்தான் என்று துறை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அன்றைக்குத் தேவேந்திரன் முகத்தைப் பார்த்ததும் ஒட்டு வேலையில் குனிந்துகொண்டேன்.

விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. இந்திராணியின் கார் இனி தார் ரோட்டிலேயே நிற்க வேண்டும் என்றார்கள். தார் ரோட்டிலிருந்து தண்ணீருக்கு முந்நூறு அடி, அத்தனையும் வண்டி ஓடி இறுகின மணல். அதில் பெட்டியைச் சுமக்க வேண்டுமானால் தலைதான். இந்திராணி எழுந்து நின்று ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் பின்னால் நின்று குரல் கொடுக்காமல், அதே தேவேந்திரன் படகுக்கு அவளே ரிவர்ஸில் வருவாள். படகில் பட்டுவிட்டால் அதோடு துறைக்குள் வண்டி வராது. ஊர்த் தலைவர் சரி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பரணிலிருந்து பழைய சும்மாட்டுத் துணியை எடுத்தாள். கூடைக்கு அடியில் தலையில் சுருட்டி வைத்துக்கொள்வாளே, அந்தத் துணிதான். அதைச் சுருட்டியபடியே டிரைவர் சீட்டுக்கு அடியில் செருகினாள். தோற்றால் சும்மா இருக்க மாட்டாள், கூடையைத் தலையில் ஏற்றிவிடுவாள் என்று அப்போதே புரிந்துபோனது.

வெள்ளிக்கிழமை கூரியரில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே, பின்னால் எது நெருங்கினாலும் சத்தம் போடவைக்கும் பித்தான் மாதிரி நான்கு சென்சார்கள், சுருள் சுருளாக ஒயர், ஒரு கறுப்புப் பெட்டி, தூரத்தை எண்ணில் காட்டும் சின்னத் திரை, கூடவே வட்டமாக ஓட்டை போடும் ஒரு பிட். கூட்டத்துக்கு முன்பே ஆர்டர் போட்டிருக்கிறாள், கள்ளி. பொன்னேரியில் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம் என்றேன்.

"வண்டி என்னுது, ஓட்டறது நானு. எந்த ஒயரு எங்க போவுதுனு எனக்குத் தெரிய வேணாமா?" என்றாள்.

சனிக்கிழமை காலை வாசலிலேயே வேலை ஆரம்பமானது. போனில் வீடியோ ஓடியது. பேசினவன் இந்தியில் பேசினான், அதனால் என்ன, கை பேசுவது புரிந்தால் போதாதா? பின்பக்க பம்பரில் நான்கு இடமும் சம தூரத்தில் இருக்க வேண்டும். நான் டேப்பைத் தேடப் போனேன். அதற்குள் அவள் வலை நூலை பம்பரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பிடித்து அறுத்து, மூன்றாக மடித்து, மை தொட்டுக் குறித்துவிட்டாள். இரண்டு முனை, இரண்டு மடிப்பு, மொத்தம் நான்கு புள்ளி. பிறகு என் டிரில் மெஷினைக் கேட்டாள்.

ஓட்டை அடைத்தே வயிறு வளர்த்தவன் நான். நல்ல பம்பரில் யாராவது ஓட்டை போட்டால் என்னால் பார்க்க முடியுமா? முதல் ஓட்டை விழுந்தபோது என் பல்லில் கூச்சம் ஏறியது. அவளோ தூள் பறக்கப் பறக்கச் சிரித்துக்கொண்டே நான்கையும் போட்டு முடித்தாள். சென்சார்கள் டப் டப்பென்று உட்கார்ந்தன. ஒயர்களை டிக்கிக்குள் இழுத்துக் கறுப்புப் பெட்டியில் செருகினாள். ரிவர்ஸ் கியர் போட்டால் எரிகிற பின்விளக்கின் ஒயரோடு சிவப்பு ஒயரை முறுக்கி டேப் சுற்றினாள். கறுப்பு ஒயரை வண்டியின் உடம்பில் ஒரு திருகாணியில் மாட்டினாள். திரையை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

பக்கத்து வீட்டுச் செவ்வந்தியை நண்டுப் பெட்டியோடு காருக்குப் பின்னால் நடக்கச் சொன்னோம். இந்திராணி சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியர் போட்டாள். பீப் என்றது. செவ்வந்தி ஓர் அடி எடுத்து வைத்தாள். பீப் பீப் என்றது. அவள் பம்பரை நெருங்க நெருங்கச் சத்தம் துரிதமாகி, கடைசியில் ஒரே இழுப்பாக இழுத்தது. தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்குப் பின்னால் நடந்து பார்த்தார்கள். ஒருத்தர் தன் ஆட்டைப் பிடித்து வந்து நிறுத்தினார், அதற்கும் அடித்தது. இந்திராணி சீட்டில் உட்கார்ந்தபடி திரையில் ஓடிய எண்களைப் பார்த்துக் கைதட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சாயங்காலம் அவள் குளிக்கப் போயிருந்தாள். பம்பரில் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை இடைவெளி தெரிந்தது. நாளைக்கு வண்டி உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது. என் கை சும்மா இருக்குமா? படகு ஒட்டுகிற பசையான ரெசின் டப்பாவில் மிச்சமிருந்ததைக் கலந்து, நான்கு சென்சார்கள் மேலும் முழுக்கப் பூசிவிட்டேன். படகாக இருந்தால் பத்து வருடம் சொட்டுத் தண்ணீர் இறங்காது.

ஞாயிறு காலை, கிளம்பும் முன் வாசலில் ஒரு தடவை பார்க்கலாம் என்று இந்திராணி ரிவர்ஸ் கியர் போட்டாள். பின்னால் ஒரு கோழிகூட இல்லை. சென்சார் ஓயாமல் ஒரே இழுப்பாக அலறியது. அவள் இறங்கி வந்து பம்பரைத் தடவிப் பார்த்தாள். பிறகு மொத்த உடம்போடும் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாயா பூசின?"

"ரெசின். உப்புத் தண்ணி பூந்துடும்னு..."

"அது காதுயா. காத அடச்சிட்டா எப்டிக் கேக்கும்?"

அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் பிளேடும் உப்புத்தாளுமாகத் தரையில் உட்கார்ந்தேன். பூசுவதற்கு முன் பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் ரெசின் பிடிக்கும். முந்தின நாள் அவசரத்தில் நான் தேய்க்கவில்லை. இந்த ஒரு தடவை என் அரைகுறை வேலைதான் எங்களைக் காப்பாற்றியது. மூன்றில் ரெசின் ஓடு மாதிரி உரிந்து வந்தது. வலது கோடியில் இருந்தது மட்டும் இடுக்கில் இறங்கி இறுகிவிட்டிருந்தது. எவ்வளவு சுரண்டியும் அது அலறுவதை நிறுத்தவில்லை. இந்திராணி அந்த ஒயரைக் கறுப்புப் பெட்டியிலிருந்து உருவிவிட்டாள். மற்ற மூன்றும் ஒழுங்காகப் பேசின.

தலைவரிடம் சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்று கெஞ்சினேன். "இன்னிக்கு வரேன்னு சொன்னது நானு, இன்னிக்குத்தான் போவேன்," என்றாள்.

துறையில் தேர்க் கூட்டம். தேவேந்திரனின் படகு குறுக்கே நின்றது. நான் போட்ட ஒட்டு மட்டும் புது வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. ஒரு வார்த்தை பேசினாலும் செல்லாது என்று சொல்லி, தலைவர் என்னைத் தள்ளி நிறுத்தினார்.

கார் பின்னால் வர ஆரம்பித்தது. பாதித் தூரம் வரை நேராக வந்தது. அதற்குப் பிறகு சாய ஆரம்பித்தது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். கார் கோணலாக, பின்பக்க பம்பரின் இடது மூலையை முன்னே நீட்டிக்கொண்டு படகை நோக்கி வந்தது. போச்சு, தடுமாறிவிட்டாள் என்று நினைத்தேன். "நிறுத்து" என்ற வார்த்தை பல்வரை வந்துவிட்டது. கத்தினால் தோற்பாள், கத்தாவிட்டால் இடிப்பாள். தோள் துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். திறந்த ஜன்னல் வழியாகப் பீப் சத்தம் துரிதமாகி, நீண்டு, ஒரே இழுப்பானது. கார் நின்றது.

தலைவர் போய்க் கையால் அளந்தார். இடது மூலைக்கும் படகுக்கும் இடையே இரண்டு சாண். வலது மூலை இன்னும் தள்ளி இருந்தது. யார் முதலில் விசில் அடித்தார்கள் என்று தெரியாது, அப்புறம் துறை முழுக்க விசில்தான்.

நான் ஓடிப் போய், ஏன் கோணலாக வந்தாய் என்று மெல்லக் கேட்டேன்.

"செவுட்டுக் காத தூரத்துல வச்சேன். நல்லா கேக்கற காத முன்ன அனுப்பினேன்," என்றாள்.

தேவேந்திரன் யாரும் சொல்லாமலே முதல் நண்டுப் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தான். "அண்ணி, நாளைக்கும் இங்கயே வந்துடு," என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

இந்திராணி சீட்டுக்கு அடியிலிருந்து சும்மாட்டை எடுத்தாள். அவள் அதை உதறிப் பிரித்தாள். இருபத்திரண்டு வருடச் சுருட்டல் அந்தத் துணியில் கோடு கோடாக விழுந்திருந்தது. பம்பருக்கு முன்னால் உட்கார்ந்து, சென்சார்களில் படிந்திருந்த ஈரத்தை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நான்காவதற்கு, அந்தச் செவிட்டுக் காதுக்கு வந்ததும் துணியை என்னிடம் நீட்டினாள்.

"இத நீ தொடச்சி வுடு. தொடைக்க மட்டுந்தான், பூசாத, இன்னா?"

துடைத்தேன். அவள் துணியை வாங்கி, மறுபடி சுருட்டாமல், டிக்கியில் நண்டுப் பெட்டிக்கு அடியில் விரித்துப் போட்டாள்.