விசாரணை அதிகாரிக்குப் போன பலாப்பழம்

பலாப்பழம் லஞ்சமா, இல்லையா? சென்னையில் ஊழல் விசாரணை, டெண்டர் வழக்கு என்று பெரிய கேஸ்கள் நடத்தும் சீனியரிடம் வேலை கற்றவள் நான். கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தபின் கடலூர் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். பயன்படுமா என்பதும் சந்தேகம்தான்.

அந்தோணிசாமி அண்ணன் ஜீப்பும் வேனும் வாடகைக்கு விடும் கான்ட்ராக்டர். ஓர் அரசு அலுவலகத்துக்குப் பல வருடங்களாக வண்டி அனுப்புகிறார். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அவருக்கு டெண்டர் கிடைக்க அதிகாரிகளுக்கு ஏதோ கைமாறியது என்று மொட்டைக் கடிதம் போய், சென்னையிலிருந்து விசாரணை வந்துவிட்டது. குற்றம் உறுதியானால் பிளாக்லிஸ்ட். வண்டிகள் நிற்கும். அவற்றை ஓட்டுகிற டிரைவர்கள் அத்தனை பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

என் கணவரும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறார். அவருடைய பிரிவுக்கும் டெண்டருக்கும் சம்பந்தமில்லை என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகே கேஸ் கட்டை வாங்கினேன். டெண்டர் காகிதங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஜெயிக்கக்கூடிய கேஸ்.

முதல் நாளே அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். விசாரணை அதிகாரியிடம் தனியாகப் பேசாதீர்கள், போன் செய்யாதீர்கள், ஒரு டீகூட வாங்கிக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாள் காலை மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸிலிருந்து அந்த அதிகாரியே கூப்பிட்டார்.

"மேடம், உங்க கிளையன்ட் ஒரு பலாப்பழம் அனுப்பியிருக்கார். இதை நான் என்ன பண்றது? வெச்சா ரூம் பூரா வாசனை. சாப்பிட்டா நானும் அக்யூஸ்டு."

கடைசியில் மகஜர் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பழத்தைக் கைப்பற்றினார்கள். லஞ்ச வழக்கு விசாரணையில் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்த ஒரே சாட்சியம்.

அண்ணனை வரவழைத்தேன். "என்னண்ணே இது? டீகூட வாங்கித் தராதீங்கன்னு சொன்னேன்ல?"

"டீ வாங்கித் தரலியே மேடம்!"

"அண்ணே..."

"பண்ருட்டில மாமனார் வூட்டுத் தோப்பு. பழம் பழுத்துக்கினே கெடக்குது. ஊருக்கு வந்த மனுசனுக்கு ஒரு பழம் குடுக்கக் கூடாதா? அவரு மூஞ்சியப் பாத்தா நல்லவராத் தெரியறாரு மேடம்."

இதற்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, இது அவருடைய பழக்கம், பருவம் வந்தால் எல்லோருக்கும் பழம் கொடுப்பவர் என்று சொல்வது. சொன்னால் கெஸ்ட் ஹவுஸ் பழத்துக்குக் கெட்ட நோக்கம் இல்லை என்றாகும். ஆனால் அந்த 'எல்லோரில்' டெண்டர் கமிட்டி அதிகாரிகளும் உண்டு. ஒரு பழத்துக்குப் பதில் சொல்லப் போய், பல வருடத்துப் பழங்களை நாமே மேசைமேல் வைத்ததாகிவிடும். இன்னொன்று, பேசாமல் இருப்பது. சீனியருக்குப் போன் செய்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததை வாயே திறக்கக் கூடாது" என்றார்.

ஆனால் டவுன்ஷிப்பில் எது ரகசியம்? அன்று மாலை மகளைக் கூட்டிவர கிரெச்சுக்குப் போனால், வாசலிலேயே எதிர்வீட்டு ராஜி அக்கா பிடித்துக்கொண்டார். அவருடைய கணவர் டெண்டர் கமிட்டியில் இருந்தவர்.

"பாவம்மா அந்தோணி. நான் வேணா வந்து சாட்சி சொல்லட்டுமா? எங்களுக்கும் வருஷா வருஷம் குடுப்பாரு. போன தடவை இவரே உக்காந்து சுளை எடுத்தாரு!"

"அக்கா, தயவுசெஞ்சு யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"ஏன், நல்லதைத்தானே சொல்றேன்?" என்றார் வருத்தமாக.

வாக்குமூலத்தன்று நானும் உடன் இருக்க அனுமதி வாங்கினேன். பின்னால் ஒரு நாற்காலி. வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை. "மரியாதைக்காகக் கொடுத்தேன்" என்று சொல்லி அதோடு நிறுத்த அண்ணனைப் பழக்கியிருந்தேன். அதிகாரி கேட்டார். அண்ணன் அதைச் சொன்னார். நிறுத்தவில்லை.

"உங்களுக்கு மட்டுமா சார் குடுத்தேன்? எல்லாருக்கும் குடுத்துக்கினுதான் இருக்கேன்" என்று குவார்ட்டர்ஸின் பிளாக் பிளாக்காகப் பெயர்களை அடுக்க ஆரம்பித்தார். ராஜி அக்காவின் கணவர் பெயர் வந்தது. அவருடைய மேலதிகாரி பெயர் வந்தது. நான் இருமினேன். அண்ணன் திரும்பிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"தோ, பின்னால உக்காந்துகினு இருக்காங்களே நம்ம வக்கீலம்மா, அவங்க வூட்டுக்கும்தான்! அவங்க சாரும் அதே ஆபீஸ்தான். வேணுன்னா கேட்டுப் பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"மறைச்சாதானே மேடம் தப்பு? பழம் வாங்கிக்கினு யாராச்சும் எனக்கு ஒரு டிரிப்பு சேத்துக் குடுத்தாங்களான்னு நல்லா விசாரிக்கட்டும். அப்ப தெரிஞ்சிடும்ல?"

அவர் சொன்னதில் தப்பு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அவரைப் பேசவிடாமல் வைத்திருந்தால் கேஸ் காப்பாற்றப்பட்டிருக்குமா, அல்லது ராஜி அக்கா மூலம் வெளிவந்து இன்னும் மோசமாகியிருக்குமா? மகள் தூங்கும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு இதையேதான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அண்ணன் பெயர் சொன்ன எல்லோருக்கும் சம்மன் வந்திருக்கிறது. ராஜி அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். என் கணவருக்கும் வந்திருக்கிறது. "பழம் வந்தப்ப வாங்காதேன்னு நீ சொல்லலியே, நீதானே வக்கீல்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் குத்துகிறது.

அடுத்து என்னையும் கூப்பிடலாம். ஒரே வழக்கில் சாட்சியாகவும் வக்கீலாகவும் இருக்க முடியாது. கட்டைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அண்ணனிடம் பேச்செடுத்துப் பார்த்தேன். "நான் தப்புப் பண்ணலன்னு நம்பறது நீங்க ஒருத்தர்தான் மேடம். நீங்களே போயிட்டா, நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்ல?" என்றார். அவருடைய டிரைவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். விசாரணை அதிகாரியும் நினைக்கக்கூடும்.

இதைப் படிக்கும் சீனியர்கள் யாராவது தயவுசெய்து எழுதுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று வேண்டாம், அது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னதால்தான் தன் வக்கீலை இழக்கிறார் என்று அந்த மனிதரிடம் எந்த வார்த்தைகளில் சொல்வது? அதை மட்டும் எழுதுங்கள்.