இருவாச்சி தலைக்கு மேல் போனபோது

நாளை பாலக்காட்டுக்குத் திரும்ப வேண்டும். இருவாச்சிப் பறவையைப் பார்க்க இன்றுதான் கடைசி வாய்ப்பு.

மூன்று நாளாகக் காலை ஏழு முதல் எட்டு வரை, சக்குபள்ளத்தில் நண்பரின் ஏலக்காய்த் தோட்டத்து ஓடைக்கரையில் உட்கார்ந்தேன். மனம் சிதறக் கூடாது என்று கைப்பேசியைக்கூட எடுத்துப் போகவில்லை.

இன்று எட்டு மணிக்குக் கரையைவிட்டு எழுந்தபோது, காய் எடுக்க வந்த செல்வி கேட்டாள்: “பாத்தீகளா ஐயா?”

“எதை?”

“இருவாச்சியத்தான். ரெண்டு, உங்க தலைக்கு மேலயே போச்சு. றெக்கைச் சத்தத்துக்குச் செத்தவனே எந்திரிப்பான். நீங்க தரையப் பாத்து முணுமுணுத்துக்கிட்டு இருந்தீக. மந்திரமா?”

“ஆமாம்” என்று சொல்லிவிட்டேன்.

மந்திரமில்லை. பறவையைப் பார்த்த பிறகு இங்கே முகநூலில் போட வேண்டிய பதிவின் முதல் வரியை நான்காவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

என்னை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

வரி நன்றாகவே வந்திருக்கிறது. இருவாச்சியை உண்மையில் பார்த்தவர் யாராவது இருந்தால் கேளுங்கள், தந்துவிடுகிறேன்.