ஊர் சொல்லாத பலகை

ஹைரியா எதிரே வரும் வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டாள். எண் பலகையைத்தான் முதலில் பார்ப்பாள். அல்லிப்பூ போட்டிருந்தால் நம்மவர், போஸ்னிய முஸ்லிம். சிரிலிக் எழுத்து இருந்தால் அவர்கள், செர்பியர். சண்டை ஓய்ந்து இரண்டு வருடம் தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, சராயேவோவில் உயிரோடு இருந்தவர்களுக்கெல்லாம் இருந்த கண் அது. தப்பான பலகையோடு இரு தரப்புக்கும் நடுவே இழுத்த எல்லைக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனவர்கள் கண்ணாடி நொறுங்கித் திரும்பினார்கள். அங்கிருந்து இங்கே வந்தவர்களுக்கும் அதே கதிதான்.

முற்றுகைக் காலத்தில் புருஷன் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் செத்துப்போனார். அவர் ஓட்டிய ரொட்டி வண்டியை அவள் ஓட்டத் தொடங்கினாள். சமாதானத்தைக் கட்டிக் காக்க வந்திருந்த அயல்நாட்டுத் தூதரின் அலுவலகத்துக்கும் அவள்தான் ரொட்டி போட்டாள். ரொட்டி கூடுதலாகக் கேட்டால், "இன்னைக்கும் பேச்சு இழுக்குது" என்பாள். சீக்கிரம் முடிந்தால் அதிலும் ஏதோ சூது.

அந்த வசந்தத்தில் புதிய எண் பலகை வந்தது. எல்லாத் தரப்புத் தலைவர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசியும் ஒரு துண்டுத் தகரத்தில் ஒத்துப்போகவில்லை. கடைசியில் தூதரே முடிவு செய்து அறிவித்துவிட்டார். பூ இல்லை, சின்னம் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. சில எண்கள், நடுவில் சிரிலிக், லத்தீன் இரண்டு லிபியிலும் ஒன்றுபோல இருக்கும் ஓர் எழுத்து. அவ்வளவுதான். வண்டியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

"சும்மா செய்வாங்களா? எண்ணுக்குள்ள எதையோ ஒளிச்சு வெச்சிருக்காங்க, அவ்தோ" என்றாள் பேக்கரிக்காரர் அவ்தோவிடம்.

"ஆமாக்கா, உங்க வயசை ஒளிச்சு வெச்சிருக்காங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க."

அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். ஒரே தங்கை ஷெஃபிகா கோட்டுக்கு அப்பால், சோகோலட்ஸில் இருந்தாள். சண்டை தொடங்கியபோது அங்கே மருத்துவமனையில் தாதியாக இருந்தவள், அங்கேயே மாட்டிக்கொண்டு, கோய்கோ என்ற அந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டாள். அந்த மனிதரை ஹைரியா பார்த்ததே இல்லை. செஞ்சிலுவை வழியாக வந்த 'நலம்' என்ற சீட்டுகளையெல்லாம் கோய்கோதான் மிரட்டி எழுத வைத்திருக்கிறான் என்றே நினைத்தாள். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் தொலைபேசி கிடையாது. தூதர் அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் பெண் அந்தப் பக்கம் போனபோது கல்யாண அழைப்பைச் சொல்லிவிட்டு, பதிலோடு திரும்பினாள்.

"சனிக்கிழமை காலைல அக்காவே வந்து கூட்டிட்டுப் போகட்டும்னு சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாராம்."

"அவன் எதுக்குச் சரின்னான்?" என்றாள் ஹைரியா.

இருந்தாலும் கிளம்பினாள். பேக்கரி வண்டியில் புதுப் பலகையை மாட்டி, தலைத்துணியைக் கழற்றிப் பைக்குள் திணித்து, வழி முழுக்க ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிக்கொண்டு போனாள். கஃபா. காப்பிக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. நம்மவர் வாயில் கஹ்வா என்றுதான் வரும். அந்த ஓர் எழுத்தில் ஆள் அகப்பட்டுவிடும்.

மலையேற்றத்தில் வண்டி சூடாகிப் புகைந்தது. பாதையோரக் காப்பிக்கடை ஒன்றில் நிறுத்தினாள். கோடு எங்கே ஓடுகிறது என்று அங்கே எந்தப் பலகையும் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு மாநாட்டு அறையில் வரைபடத்தின் மேல் இழுத்த பேனாக்கோடு அது. தாண்டியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் ஒரு சிவப்பு வண்டி. அதிலும் புதுப் பலகை. உற்றுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, பாழாய்ப்போனது.

உள்ளே ஒரே ஓர் ஆள், கதவைப் பார்த்தபடி, மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கஃபா குடுங்க!" என்றாள் ஹைரியா, தேவைக்கு மேல் உரக்க.

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் உரக்கவே, "எனக்கு இன்னொரு கஹ்வா!" என்றார்.

ஹைரியாவுக்கு உயிர் வந்தது. நம்மவர்! கோப்பையோடு அவர் மேசைக்குப் போய், குனிந்து, "நீங்க நம்ம ஆளுதானே?" என்றாள்.

அவர் முகமும் மலர்ந்தது. "நம்ம ஆளேதான்! உக்காருங்க அக்கா. இந்தப் பாதையில தனியா வரலாமா?"

"என்ன பண்றது தம்பி. தங்கச்சிய ஒருத்தன் புடிச்சு வெச்சிருக்கான். கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வரணும். விடுவானோ மாட்டானோ. அவங்கள நம்ப முடியுமா?"

"நம்பவே முடியாது" என்றார் அவர் ஆவலோடு. "என் பொண்டாட்டிக்கு ஒரு அக்கா இருக்கா. வருஷக்கணக்கா ஒரு சீட்டுக்கும் பதில் கிடையாது. இப்ப மட்டும் கல்யாணத்துக்கு வான்னு கூப்பிடுறா. போனவளத் திருப்பி அனுப்புவாளா? அதான், அவ வண்டி எங்க வாசலுக்கு வந்து ஊரே வேடிக்கை பாக்க வேணாம்னு நானே இவளக் கூட்டிக்கிட்டு முந்தி வந்து, வழியிலயே காத்திருக்கேன்."

"அந்த அக்கா என்ன செய்யுறாளாம்?"

"ரொட்டி வண்டி ஓட்டுறாளாம்."

ஹைரியாவின் கோப்பை பாதியில் நின்றது. அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மாவை அவர் அப்போதுதான் பார்த்தார். இருவரும் வாயைத் திறக்குமுன் கொல்லைப்புறக் கதவு திறந்தது. ஈரக் கைகளைப் பாவாடையில் துடைத்தபடி வந்த ஷெஃபிகா அப்படியே நின்றாள்.

"அக்கா!"

கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுதுகொண்டே ஹைரியா தங்கையின் கைகளையும் கழுத்தையும் தடவிப் பார்த்தாள், காயம் இருக்கிறதா என்று. இல்லை. கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தாள். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"அப்புறம் ஏன் கஹ்வா கேட்டீங்க?" என்றாள் கோய்கோவிடம், மூக்கைச் சிந்திவிட்டு.

"இது உங்க பக்கம்னு நெனச்சேன். நீங்க ஏன் கஃபா கேட்டீங்க?"

"இது உங்க பக்கம்னு நெனச்சேன்."

இருவரும் கடைக்காரர் பக்கம் திரும்பினார்கள். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுப்பு ஒரு பக்கம், கக்கூஸ் இன்னொரு பக்கம்னு சொல்லிக்கிறாங்க. நான் அளந்து பாக்கல. எந்தப் பேர்ல கேட்டாலும் ஒரே காப்பித்தூள்தான்."

ஷெஃபிகா மட்டும் சிரித்தாள்.

"நீங்களும் கல்யாணத்துக்கு வாங்க மாப்பிள்ளை" என்றாள் ஹைரியா. சொல்ல வேண்டிய முறைக்குத்தான் சொன்னாள்.

"இன்னொரு தடவை பாப்போம்" என்றார் அவரும், அதே முறைக்கு. "திங்கக்கிழமை சாயங்காலம் இங்கயே நிப்பேன்."

"நிப்பீங்களா?"

"நீங்க கூட்டிட்டு வருவீங்களா?"

ஷெஃபிகாவின் பையை வண்டியில் ஏற்றிவிட்டு கோய்கோ முன்பக்கம் போய் நின்றார். பலகையையே பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. எண்ணை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

திருட்டுப்பயல், போலீஸில் கொடுக்கப் போகிறான் என்று ஹைரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டாள்.

முதல் வளைவு தாண்டியதும் ஷெஃபிகா கேட்டாள்: "என்னக்கா முணுமுணுக்கிற?"

"ஒண்ணுமில்ல" என்றாள் ஹைரியா. பிறகு மறந்துவிடக் கூடாதே என்று, அந்தச் சிவப்பு வண்டியின் எண்ணை முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.