முதலிடத்தில் இன்னும் மல்லிகா அத்தை

அக்காமார்களே, இதை யாரிடமும் காட்டாதீர்கள். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு நின்றுவிடும். பெங்களூரில் மல்லிகா அத்தையோடு கோல்ஃப் ஆடியவர்கள் நீங்கள். அவருடைய மட்டைப் பையை எங்கள் ஊர் செம்மேட்டுக்கு பஸ்ஸில் அனுப்பியதும் நீங்கள்தான். அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அத்தை காய்ச்சலில் போய்விட்டார் என்று போன் வந்தபோது அப்பா மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு இருட்டும்வரை அந்த மிளகையே கிளறிக்கொண்டிருந்தார்.

நிச்சயித்த கல்யாணத்தை வேண்டாம் என்றுவிட்டு அத்தை ஆடப் புறப்பட்ட அன்று, தங்கையிடம் அப்பா சொன்னது ஊருக்கே தெரியும். "மொத ஆளா வந்தா இந்த ஊட்டுக்கு வா அம்மிணி. இல்லாட்டி வராத."

எங்கள் மலையில் சமமான தரை ஏது? சரிவில் பந்து கிடந்தால் அத்தைக்குக் கொண்டாட்டம். ஒரு கால் மேட்டில் நின்றால்தான் இவளுக்குப் பந்தே கண்ணுக்குத் தெரியும் என்று நீங்கள் கேலி செய்வதைப் போனில் சொல்லிச் சிரிப்பார்.

வளரும் ஆட்டக்காரர்களுக்கான அந்தப் போட்டிகளில், வருடம் முழுக்க அதிகப் பரிசுப்பணம் வாங்குபவருக்குத்தான் பெரிய போட்டிகளில் இடம். போன வருடம் கடைசிப் போட்டிவரை அத்தைதான் முதலிடம். கடைசிக் குழிக்கு ஆடும்போது, புல்லுக்குள் கிடந்த பந்து அவர் மட்டை பட்டு லேசாக அசைந்தது. யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி, விதிப்படி தன் கணக்கில் ஓர் அடியைத் தண்டமாகக் கூட்டிக்கொண்டார். அந்த ஓர் அடியில் முதலிடம் போனது.

அப்படியும் வீட்டுக்கு வந்தார். அப்பா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். "ஆரும் பாக்கலீல்ல? அப்புறம் எதுக்குச் சொன்ன?"

"நான் பாத்தனுங்கண்ணா."

அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அத்தை அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

இந்த வருடப் பரிசுப்பணப் பட்டியலில் இன்றைக்கும் அத்தை பெயர்தான் முதலில். இனி உங்களில் ஒருவர் அவரைத் தாண்டிப் போவார். தயங்கி ஆடாதீர்கள். விட்டுக்கொடுத்து ஆடினால் அத்தைக்குப் பிடிக்காது.

பையை நாளைக்குப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக அப்பா சொன்னார். ஒரு மட்டையை எடுத்துக் கேழ்வரகு மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் போல. சாயங்காலம், ஒன்று குறைகிறதே என்றார். தெரியாது என்றேன். எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அத்தையின் மட்டையோடு இதுவும் என்னிடம் வந்துவிட்டது.

கதவைத் தட்டுகிறார்கள். "கண்ணு, இன்னும் தூங்கலியா?" அப்பாதான். திறக்கப் போகிறேன். சொல்லிவிடத்தான்.